165 சுற்றுகளிலிருந்து 15-க்கு: ஒரு பாப் பாடலின் நான்கு கார்ட்களும் ஒரு மினிமலிசப் படைப்பும்

பின்னணி

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எட்டுப் பேர் கொண்ட சேம்பர் இசைக்குழு ஒன்று, ஓர் இசையமைப்பாளரிடம் புதிய படைப்பு கேட்டது. அந்த வேலையில் ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளின் இசையும் சேர்த்து எழுதிய முழுத்தாளை, சரிபார்த்து ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தாள் தயாரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒத்திகைகளிலும் உதவியாளராக உட்கார்ந்திருந்தேன். பாப் இசையையும், சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மாற்றிக்கொண்டு போகும் மினிமலிசத்தையும் சேர்க்க முயல்பவர்களுக்கு வரக்கூடிய இடறல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வேலையில் வந்தன. அதனால் பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இசையமைப்பாளர் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். படிப்பு முடிந்ததும் நண்பர்களோடு ஒரு பாப் குழுவில் கீபோர்டு வாசித்தார். குழு கலைந்த பிறகு, பிறருக்குப் பாடல் எழுதிக் கொடுத்தும் ஒலிப்பதிவு செய்து கொடுத்தும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வாழ்க்கை நடத்தினார். பாட்டு மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, எனக்கு அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் குடியிருக்க வேண்டும் என்று முதல் சந்திப்பில் சொன்னார். படைப்பின் நோக்கத்தை அதைவிடத் தெளிவாக அவர் பின்னர் எங்கும் எழுதவில்லை.

பாப் இசைக்கும் மினிமலிசத்துக்கும் இடையிலான உறவு புதிதன்று. மினிமலிச இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964-இல் எழுதிய 'இன் சி' 53 சிறு துணுக்குகளால் ஆனது. ஒவ்வொன்றையும் எத்தனை முறை வாசிப்பது என்பதைக் கலைஞர்களே தீர்மானிப்பார்கள். 1971-இல் 'தி ஹூ' என்ற ராக் குழு தன் பாடல் ஒன்றின் தலைப்பில் அவர் பெயரையே சேர்த்துக்கொண்டது. அதே மரபைச் சேர்ந்த லா மான்டி யங்கின் குழுவில் ஒரே சுரத்தை நெடுநேரம் நீட்டிப் பழகிய ஜான் கேல், அந்தப் பழக்கத்தோடு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவுக்குப் போனார். எதிர்த் திசையிலும், மினிமலிச இசையமைப்பாளர்கள் பாப் இசையிலிருந்து எடுத்துக்கொள்ளும் போக்குவரத்து இருந்தது. டேவிட் போவியும் பிரையன் ஈனோவும் 1977-இல் உருவாக்கிய ஆல்பத்தை வைத்து ஃபிலிப் கிளாஸ் 1992-இல் ஒரு சிம்பொனி எழுதினார். ரேடியோஹெட் குழுவின் இரண்டு பாடல்களை எடுத்துக்கொண்டு ஸ்டீவ் ரைக் 2012-இல் 'ரேடியோ ரீரைட்' எழுதினார்.

பலர் நடந்த பாதை என்பதால் எளிதாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒரு வேறுபாட்டை அப்போது கவனிக்கவில்லை. கிளாஸும் ரைக்கும் பிறர் இசையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் இசையமைப்பாளர் எடுத்தது தன் சொந்தப் பாடலை. 24 வயதில், குழுவில் இருந்தபோது, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து எழுதியது. பிறர் பாட்டை அறுத்துத் தைக்கும் துணிவு தன் பாட்டின்மேல் வருவதில்லை.

முதல் வடிவம்

பாடலின் அடித்தளம் நான்கு கார்ட்கள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்): எஃப் ஷார்ப் மைனர், டி மேஜர், ஏ மேஜர், இ மேஜர். பாப் இசையில் இதைவிடப் பழகிய வரிசை அதிகம் இல்லை. ஒவ்வொரு கார்டும் நான்கு எண்ணிக்கை. வேகம் நிமிடத்துக்கு 120. ஆக ஒரு கார்டுக்கு 2 விநாடி, ஒரு முழுச் சுற்றுக்கு 8 விநாடி.

முதல் ஸ்கோர் 22 நிமிடம். கருவிகள் எட்டு: வயலின், செல்லோ, கிளாரினெட், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிப்பது), பியானோ, சின்தசைசர், பேஸ் கிட்டார், டிரம்ஸ். பியானோ அந்தச் சுற்றைத் தனியாகத் தொடங்கும். ஒவ்வொரு கருவியாக வந்து சேரும். 12-ஆவது நிமிடத்தில் கிளாரினெட் பாடலின் மெட்டிலிருந்து ஒன்பது சுரங்களை வாசிக்கும். 16-ஆவது நிமிடத்தில் டிரம்ஸ் முழு வேகத்தோடு நுழையும். உச்சம் தொட்ட பிறகு கருவிகள் ஒவ்வொன்றாக விலகும்.

ஸ்கோர் முழுவதும் கணினி மென்பொருளில் எழுதப்பட்டது. பாடல் தயாரிக்கும் மென்பொருளில் திரை ஒரு கட்டம் போட்ட தாள் மாதிரி இருக்கும். நான்கு நான்காகக் கட்டங்கள். ஒரு துண்டைப் பிடித்து இழுத்தால் அது எத்தனை முறை வேண்டுமானாலும் நீளும். தனித்தாள்களைத் தயாரித்தபோதே எனக்கு ஒன்று உறுத்தியது. செல்லோவின் தாளில் இரண்டு பக்கங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இதை நான் அப்போது அவரிடம் சொல்லவில்லை. படியெடுப்பவர் ஸ்கோரைப் பற்றிக் கருத்துச் சொல்வது வழக்கமில்லை என்று எண்ணிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ஒத்திகையில் கண்டது

பிப்ரவரியில் ஒரு தேவாலயத்தின் துணைக்கூடத்தில் முதல் ஒத்திகை. எட்டுப் பேர் காதிலும் ஹெட்போன், அதில் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலி. சின்தசைசர் பகுதியில் பாதி முன்பே பதிவு செய்யப்பட்டிருந்ததால் எல்லோரும் அதோடு ஒட்டி ஓட வேண்டியிருந்தது.

வாசிப்பில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் ஏழாவது நிமிடத்துக்குள் அறை களைத்துவிட்டது. பேஸ் வாசித்தவர் சுற்றுகளைப் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வைப்ரஃபோன் வாசித்தவர் இரண்டு முறை இடம் தவறினார், கெட்டிக்காரரான அவருக்கே அப்படி. டிரம்ஸ் நுழைந்ததும் எல்லோர் காலும் தானாகத் தட்டத் தொடங்கியது. அதே நொடியில் பியானோவும் கிளாரினெட்டும் காணாமல் போயின. அந்தக் கூடத்தின் நீண்ட எதிரொலியில் சிம்பலின் சத்தம் ஒரு போர்வைபோல மற்றவற்றின்மேல் விழுந்தது.

இடைவேளையில் செல்லோ கலைஞர் இசையமைப்பாளரிடம் வந்து, எப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன் என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. உள்ளபடி சொன்னார். அவர் கையில் பிடித்திருந்த தேநீர்க் குவளையில் வில்லுக்குப் பூசும் ரோசினின் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அந்தச் சிறு காட்சி எனக்கு இன்னும் நினைவிருப்பதற்குக் காரணம், இந்த வேலை முழுவதையும் திருப்பிவிட்ட வாக்கியம் அப்போது சொல்லப்பட்டது என்பதுதான்.

அன்று இரவு ஒலிப்பதிவை நானும் இசையமைப்பாளரும் சேர்ந்து கேட்டோம். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். 22 நிமிடம் என்றால் 1,320 விநாடி. எட்டால் வகுத்தால் 165. மூல பாடலில் அதே சுற்று 26 முறைதான் வருகிறது. அந்த 26 முறையும் ஒரு குரல் அதன்மேல் நடந்துகொண்டிருந்தது, சொற்கள் மாறிக்கொண்டிருந்தன. இங்கே நடப்பதற்கு ஆளில்லாமல் தரை மட்டும் 165 முறை போடப்பட்டிருந்தது.

எங்கே தவறியது

இந்தப் பகுதியில் சற்று நிற்க விரும்புகிறேன்.

பாப் பாடலும் மினிமலிசமும் திரும்பத் திரும்ப வருவதை நம்பி நிற்பவை. அந்த ஒற்றுமை கண்ணில் படும்படி இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. ஆனால் திரும்ப வருவதன் வேலை இரண்டிலும் வேறு. பாப் பாடலில் சுற்று மாறாமல் இருப்பதன் பயன், கேட்பவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட முடிவது. கவனம் முழுதும் குரலுக்குப் போகும். மினிமலிசத்தில் கவனிக்க வேண்டியதே அந்தச் சுற்றுதான். அதற்குள் ஏதோ ஒன்று மெல்ல நகர்கிறது. ரைக்கின் 1967-ஆம் ஆண்டுப் படைப்பான 'பியானோ ஃபேஸ்' தொடங்கும்போது இரண்டு பியானோக்கள் 12 சுரங்களைக் கொண்ட ஒரே வரியை ஒன்றாக வாசிக்கின்றன. பிறகு ஒருவர் மயிரிழை வேகம் கூட்டி ஒரு சுரம் முன்னால் போய் நிற்கிறார். அந்த நகர்வுதான் அங்கே நிகழ்ச்சி. கேட்பவரின் காது அதைப் பிடித்துக்கொண்டு போகிறது.

எங்கள் முதல் வடிவத்தில் நகர்ந்தது கருவிகளின் எண்ணிக்கை மட்டுமே. புதிய கருவி நுழைந்தால் பத்து விநாடி ஆர்வம், பிறகு ஒரு நிமிடம் வெறுமை. நடனத்துக்கான பாடல்களில் அடுக்கிக்கொண்டே போகும் உத்தி அது. அங்கே உடல் ஆடுகிறது, காதுக்கு வேலை குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதாது. பாப் சுற்றை எடுத்து, மினிமலிசத்தின் நீளத்தைக் கொடுத்து, இரண்டின் உயிரையும் விட்டுவிட்டோம்.

இசையமைப்பாளரின் திறமைக் குறைவால் இது நேர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பத்து ஆண்டுகள் ஒரு மென்பொருளில் வேலை செய்த கைக்கு அந்தக் கட்டங்களே சிந்தனையாகிவிடுகின்றன. இதை அவரே அன்றிரவு சொன்னார். மறுநாளிலிருந்து மூன்று வாரங்கள் அவர் கணினியைத் தொடவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது

இதற்கிடையே வேறொரு செய்தி வந்தது. பாடலின் உரிமை ஒரு பதிப்பு நிறுவனத்திடம் இருந்தது. தான் எழுதிய பாட்டே ஆனாலும், உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு அதை மாற்றி வேறொரு படைப்பில் சேர்க்க அனுமதி கேட்டாக வேண்டும். இசையமைப்பாளர் ஸ்கோரை முடித்த பிறகுதான், ஜனவரியில், கடிதம் எழுதினார். ஏழு வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. நிறுவனத்துக்கு மறுப்பில்லை. உடன் எழுதிய இருவரில் ஒருவர் ஒப்பவில்லை. மெட்டின் அந்தப் பகுதி அவர் தன் வீட்டில் நடந்த ஒரு மரணத்தை ஒட்டி எழுதியது. அது வேறெங்கும் வரக் கூடாது என்பது அவர் நிலை.

நான்கு கார்ட்களின் வரிசைக்குப் பொதுவாக யாரும் உரிமை கொண்டாட முடிவதில்லை. மெட்டுக்கு முடியும். ஆக கார்ட்கள் இருக்கலாம், கிளாரினெட்டின் ஒன்பது சுரங்கள் போக வேண்டும். சட்டப்படி வாதாடிப் பார்க்கலாம் என்று குழுவின் மேலாளர் சொன்னார். இசையமைப்பாளர் மறுத்துவிட்டார். நண்பரின் துக்கத்தோடு வாதாட முடியாது என்றார். அது சரியான முடிவு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது அவரை எவ்வளவு பாதித்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 22 நிமிடங்களில் அவர் மிகவும் நேசித்தது அந்த ஒன்பது சுரங்களைத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச் இறுதியில் புதிய ஸ்கோர் வந்தது, கையால் எழுதியது. 17 நிமிடம்.

முதல் முடிவு, சுற்றை விரிப்பது. நான்கு கார்ட்களும் திரும்பத் திரும்ப வராமல், படைப்பு முழுவதிலும் ஒரே முறை வருகின்றன. முதல் கார்ட் 4 நிமிடம், இரண்டாவது மூன்றரை, மூன்றாவது நாலரை, நான்காவது 3. மொத்தம் 15 நிமிடம். கடைசி 2 நிமிடத்தில்தான் நான்கும் பாடலின் உண்மையான வேகத்தில் சுழல்கின்றன. 165 சுற்றுகள் 15 ஆகின. இதற்கு முன்மாதிரி உண்டு. ரைக்கின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' 11 கார்ட்களின் வரிசையோடு தொடங்கும். பிறகு அந்த ஒவ்வொரு கார்டும் சில நிமிடங்களுக்கு விரிந்து ஒரு தனிப் பகுதியாகும். பாரிஸின் பெரோட்டின் என்ற பழைய தேவாலய இசையாளர் ஒரு பாடலின் சுரங்களை அளவுக்கு மீறி நீட்டி அவற்றின்மேல் மற்றக் குரல்களை ஓடவிட்ட முறையிலிருந்து தான் கற்றதாக ரைக் சொல்லியிருக்கிறார். எங்கள் இசையமைப்பாளர் வரிசையைப் புரட்டிப்போட்டார். விரிவு முதலில், சுருக்கம் கடைசியில். பாடலை அடையாளம் காணும் இடம் படைப்பின் இறுதியில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது, கிளிக்கை எடுத்துவிடுவது. ஹெட்போனில் எட்டுப் பேரும் கிளிக்கைக் கேட்டார்களே ஒழிய ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் சைகையை வைப்ரஃபோன் கொடுக்கும். கிளாரினெட்டின் நீண்ட துடிப்புகள் ஒரு மூச்சு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு நீளம். இரண்டும் ரைக்கின் அதே படைப்பிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டவை, அதை ஒளிக்க எந்தக் காரணமும் இல்லை. இதனால் ஒரு சிக்கல் வந்தது. இரண்டாவது ஒத்திகையில், கிளிக் இல்லாமல், இரண்டாம் கார்ட் முடிவதற்குள் வேகம் 120-லிருந்து 126-க்கு ஏறிவிட்டது. முன்பதிவு செய்த சின்தசைசர் 120-லேயே நிற்கும், ஆகவே கடைசிப் பகுதியில் ஒரு குலுக்கல் நிச்சயம். இசையமைப்பாளர் முன்பதிவை முழுவதுமாகக் கைவிட்டார். சின்தசைசர் கலைஞர் பத்து நாட்களில் அந்தப் பகுதியைக் கையால் வாசிக்கக் கற்றார்.

மூன்றாவது, டிரம்ஸ். கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும் டிரம்ஸ் என்று தீர்மானம் ஆயிற்று. மற்ற 15 நிமிடமும் அந்தக் கலைஞர் மராக்காஸ் குலுக்க வேண்டும். மராக்காஸ் நம் கிலுகிலுப்பை மாதிரியான கருவி. 1970-இல் ரைக் எழுதிய 'ஃபோர் ஆர்கன்ஸ்' ஒரே கார்டை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டு போகும்போது, கேட்பவருக்குப் பிடிமானமாக இருப்பது மராக்காஸின் ஒரே சீரான துடிப்புதான். டிரம்ஸ் கலைஞருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது, டிரம்ஸ் வாசிக்கத்தானே அழைத்தீர்கள் என்று கேட்டார். ஒத்திகையில் வேறொன்று தெரிந்தது. விநாடிக்கு நான்கு குலுக்கல், 15 நிமிடத்துக்கு 3,600. முதல் நாள் பத்தாவது நிமிடத்தில் அவர் மணிக்கட்டு இறுகிவிட்டது. மறுநாள் துணிக்கட்டோடு வந்தார். கையை மாற்றினால் ஒலியின் நிறம் மாறியது. பிறகு இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, குலுக்கலைப் பங்கிட்டு வாசிக்கப் பழகினார். நாங்கள் எளிது என்று நினைத்துக் கொடுத்த வேலை, எட்டுப் பேரில் ஒருவருக்கு உடல்வலியாகப் போயிற்று.

நான்காவது முடிவில் என் பங்கும் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூன்றாம் கார்டின் பகுதியில் பியானோவும் வைப்ரஃபோனும் வாசிக்கும் வரி வளர்ந்துகொண்டே போகும். முதலில் மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழு. பிறகு மூன்று, நான்கு, நான்கு. பிறகு இன்னொரு மூன்று சேரும். மிருதங்கப் பாடம் கேட்டவர்களுக்கு 'தகிட தகதிமி', 'தகிட தகதிமி தகதிமி' என்று சொன்னால் உடனே விளங்கும். ஆறு பெருகுவதுபோல வரி வளரும் ஸ்ரோதோவாக யதியின் அமைப்பு இது. நான் இதை வழக்கம்போல நான்கு எண்ணிக்கைக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்து அச்சிட்டுக் கொடுத்தேன். இருவரும் ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகு வரும் சுரத்தையும் தங்களை அறியாமல் அழுத்தினார்கள். வரி பெருகவில்லை, நொண்டியது.

இது அறுபதுகளிலேயே ஒருவர் முட்டிக்கொண்ட சுவர். கிளாஸ் பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேற்கத்தியக் கலைஞர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் கோடு பிரித்து எழுதியதை வாசிக்க வாசிக்க, தபலா மேதை அல்லா ரக்கா அழுத்தம் தவறான இடத்தில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளாஸ் கோடுகளையே அழித்தார். அழித்த பிறகுதான், இரண்டும் மூன்றுமான சிறு கூட்டங்கள் சேர்ந்து ஓடும் ஒழுங்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய கூட்டிக்கொண்டே போகும் முறை அங்கிருந்து வளர்ந்தது.

இந்தக் கதையை இசையமைப்பாளரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் தன் ஸ்கோரில் அது நடந்துகொண்டிருப்பதை அவரும் பார்க்கவில்லை. அன்றிரவே அந்த ஐந்து பக்கங்களைக் கோடில்லாமல், மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் சுரங்களைக் கட்டி மீண்டும் அச்சிட்டேன். மறுநாள் வைப்ரஃபோன் கலைஞர் முதல் முயற்சியிலேயே தடையின்றிப் போனார். பியானோ கலைஞருக்கு அது உதவவில்லை. கோடில்லாத பக்கத்தில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை என்றார். அவருக்கு மட்டும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சிறு புள்ளி வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு இரண்டு தாள் என்பது என் தொழிலில் அழகல்ல, ஆனால் அது வேலை செய்தது.

ஐந்தாவது, ஒன்பது சுரங்களின் இடம். இசையமைப்பாளர் அங்கே வேறு மெட்டு எழுதிப் பொருத்தவில்லை. வயலின், வைப்ரஃபோன், பியானோ மூன்றும் பின்னிப் பின்னி வாசிக்கும்போது, யாரும் தனியாக வாசிக்காத ஒரு வரி காதில் கேட்கும். அப்படித் தானாக எழும் வரியைக் கிளாரினெட் மெதுவாக எடுத்து, கேட்கிறதா இல்லையா என்னும் அளவில் வாசித்துவிட்டு விட்டுவிடும். பறிபோன மெட்டைவிட இது படைப்புக்கு நன்றாகப் பொருந்தியது என்பது என் கணிப்பு. அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அரங்கேற்றம்

மே மாதத்தில், முன்பு தேவாலயமாக இருந்த ஓர் அரங்கில் முதல் நிகழ்ச்சி. நிகழ்ச்சித் தாளில், ஒரு பாப் பாடலின் சுற்றிலிருந்து பிறந்த படைப்பு என்று குழு அச்சிட்டிருந்தது. அது பெரிய தவறு. பாடலை எதிர்பார்த்து வந்தவர்கள் ஆறாவது நிமிடத்திலும் இரண்டாவது கார்டைத் தாண்டாமல் இசை நிற்பதைக் கண்டு அசைந்தார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

மூன்றாம் கார்டின் பகுதியில் கூடம் அமைதியானது. அந்த நாலரை நிமிடம் நான் கேட்ட நல்ல இசைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். கடைசிப் பகுதி தொடங்கி, நான்கு கார்ட்களும் முதல்முறையாக அடுத்தடுத்து விழுந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார். 15 நிமிடம் தனித்தனி அறைகளாக இருந்த நான்கும் ஒரே வீடு என்று அந்த நொடியில் தெரிந்தது.

அடுத்த நொடி டிரம்ஸ் நுழைந்தது, பியானோ மறைந்தது. முதல் ஒத்திகையில் நடந்த அதே கோளாறு. ஒலிப்பொறியாளர் அன்று பிற்பகல்தான் வந்தார். டிரம்ஸோடு சேர்ந்த 2 நிமிடத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைத்தது. குறை அவருடையதல்ல. கிளாஸின் குழுவில் ஒலிப்பொறியாளர் கர்ட் முன்காச்சி வாசிப்பவர்களுக்கு நிகரான உறுப்பினராகவே இருந்தவர். அதைப் படித்திருந்தும், எங்கள் வரவுசெலவுக் கணக்கில் ஒலிப்பொறியாளரை ஒரு நாள் செலவாகத்தான் எழுதியிருந்தோம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த கருத்துகள் இரு பக்கமும் இழுத்தன. சேம்பர் குழுவின் பழைய ரசிகர்கள் கடைசி 2 நிமிடம் மலிவாக இருந்தது என்றார்கள். இளையவர்கள் பலர் அந்த 2 நிமிடம் மட்டும் போதுமே என்றார்கள். இரு தரப்பும் ஒன்றைத் தவறவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த 2 நிமிடத்தின் பலம் முந்தைய 15 நிமிடத்தில் சேர்ந்தது. ஆனால் பியானோ கேட்காத அரங்கில் அந்தத் தொடர்பு அவர்கள் காதுக்கு எப்படிப் போயிருக்கும்?

இரண்டாவது நிகழ்ச்சி

அக்டோபரில் வேறொரு நகரில் மீண்டும் வாசித்தார்கள். இந்த முறை ஒலிப்பொறியாளர் இரண்டு ஒத்திகைகளுக்கு வந்தார். சிம்பலை எடுத்துவிட்டு, டிரம்ஸை, மிதியால் மூடிய இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டோடும் பேஸ் டிரம்மோடும் நிறுத்தச் சொன்னது அவர்தான். பியானோ கேட்டது. நிகழ்ச்சித் தாளில் பாப் என்ற சொல்லே இல்லை. நான்கு கார்ட்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. எழுந்து போனவர்கள் இல்லை.

நீளம் 17 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 18 நிமிடம் 40 விநாடிக்குப் போயிற்று. வைப்ரஃபோன் கலைஞர் ஒவ்வொரு சைகைக்கும் முன் சற்றுக் காத்திருந்தார். கிளிக் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. இசையமைப்பாளர் அந்த நீளத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்கோரில் நேரக் குறிப்புகளை அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

ஒலிப்பதிவை அவர் அனுமதி மறுத்த நண்பருக்கு அனுப்பினார். பதில் வரவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

உரிமைக் கடிதம் முதல் சுரத்துக்கு முன் போக வேண்டும். ஏழு வாரம் என்பது அதிகமே அல்ல. மறுப்பு வரும் என்று தெரிந்திருந்தால் அவர் 22 நிமிடத்தை அந்த ஒன்பது சுரங்களைச் சுற்றிக் கட்டியிருக்க மாட்டார்.

முழு ஸ்கோரை எழுதிவிட்டு ஒத்திகைக்கு வருவதற்குப் பதில், ஐந்து நிமிடத்தை மட்டும் எழுதிக் கலைஞர்களோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்தால், செல்லோ கலைஞர் பிப்ரவரியில் சொன்னதை நவம்பரிலேயே சொல்லியிருப்பார். கணினி வாசித்துக் காட்டும் இசைக்குச் சலிப்புத் தெரியாது, மூச்சும் மணிக்கட்டும் கிடையாது. சுற்றுகளை நம்பி எழுதும் இசையில் இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது.

என் பக்கத்தில் இரண்டு மாற்றங்கள். ஒரே மாதிரியான இரண்டு பக்கங்களைக் கண்டால் இனி இசையமைப்பாளரை அழைத்துக் கேட்கிறேன். எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும் வரிகளைக் கோடு பிரிக்கும் முன், வாசிக்கப்போகிறவரிடமே ஒரு மாதிரிப் பக்கத்தைக் காட்டிவிடுகிறேன்.

மராக்காஸ் பகுதியை இப்போது இரண்டு பேர் பகிர்கிறார்கள். ஏழரை நிமிடத்தில், இரண்டாம் கார்ட் முடியும் இடத்தில், டிரம்ஸ் கலைஞர் சின்தசைசர் கலைஞரிடம் அதைக் கைமாற்றுகிறார். எட்டு எண்ணிக்கைக்கு இருவரும் சேர்ந்தே குலுக்குகிறார்கள், பிறகு ஒருவர் மெல்ல விலகுகிறார். சின்தசைசருக்கு மூன்றாம் கார்டில் வேலை இல்லை என்பதால் இது முடிகிறது. நான்காம் கார்டில் மராக்காஸ் மறுபடி டிரம்ஸ் கலைஞரின் கைக்கே வருகிறது. அந்தக் கைமாற்றத்தைப் பார்வையாளர்கள் கவனித்துப் பார்க்கிறார்கள் என்பதை மூன்றாவது நிகழ்ச்சியில் கண்டோம். தாளில் அந்த இடத்தை ஒரு சிறு வட்டத்தால் குறித்திருக்கிறேன்.